இளம் நட்சத்திரமா, இளம் நட்சத்திரம் மாதிரியா? அகச்சிவப்புத் தொலைநோக்கிகள் தரும் உத்தேசப் பட்டியல்கள்

பால்வெளியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இளம் நட்சத்திரங்கள் கண்டுபிடிப்பு என்கிற மாதிரியான செய்தி அவ்வப்போது வரும். 2021-இல் வெளியான ‘ஸ்பைசி’ என்ற பட்டியலில் இருந்தவை 1,17,446. ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கி அகச்சிவப்பில் எடுத்த படங்களிலிருந்து பொறுக்கியெடுத்தவை. பட்டியலைத் தயாரித்தவர்கள் அதன் பெயரிலேயே ‘கேண்டிடேட்’ என்ற சொல்லைச் சேர்த்திருந்தார்கள். கை மாறிக் கை மாறிச் செய்தியாகும்போது முதலில் உதிர்வது அந்தச் சொல்தான்.

இன்னொரு பக்கம், 2018-இல் வந்த ஓர் ஆய்வு, லூபஸ் விண்மீன் குழுவின் திசையில் உள்ள, நட்சத்திரங்கள் பிறக்கும் இரண்டு மேகங்களில் இளையவை என்று கருதப்பட்ட, சுற்றிலும் தூசித் தட்டு இல்லாத நட்சத்திரங்களில் பெரும்பாலானவை அந்த மேகங்களைச் சேர்ந்தவையே இல்லை, பின்னால் வெகுதொலைவில் இருக்கும் வேறு நட்சத்திரங்கள் என்றது. இரண்டையும் படிப்பவருக்குக் குழப்பம் வருவது நியாயம்தான்.

குழப்பத்தின் வேர் ஒன்றே. அகச்சிவப்பில் பார்க்கும்போது நமக்குப் பெரும்பாலும் தெரிவது தூசி. வயது நேரடியாகத் தெரிவதில்லை. தூசியை வைத்து வயதை ஊகிக்கிறோம். அந்த ஊகம் எப்போது பலிக்கும், எப்போது காலை வாரும் என்பதுதான் இங்கே விஷயம்.

‘கேண்டிடேட்’ என்பதை வேட்பாளர் என்று எழுதினால் தேர்தல் ஞாபகம் வரும். எனவே இந்தக் கட்டுரையில் உத்தேச இளம் நட்சத்திரம் என்றே சொல்கிறேன்.

இளமை என்றால் எவ்வளவு இளமை?

சூரியனுக்கு வயது சுமார் 460 கோடி ஆண்டுகள். வானியலில் இளம் நட்சத்திரம் என்றால் பெரும்பாலும் சில லட்சம் ஆண்டுகளிலிருந்து ஒரு கோடி ஆண்டுகள் வரை. சூரியனின் மொத்த வாழ்நாளான சுமார் 1000 கோடி ஆண்டுகளை ஒரு மனிதரின் எண்பது வருடமாகச் சுருக்கினால், பத்து லட்சம் ஆண்டு என்பது ஏறக்குறைய மூன்று நாள். பிறந்து மூன்று நாளான குழந்தையைத்தான் தேடுகிறோம்.

நட்சத்திரம் பிறக்கும் இடம் மூலக்கூறு மேகம்: ஹைட்ரஜன் வாயுவும், அதில் எடையளவில் நூற்றில் ஒரு பங்கு தூசியும் கலந்த, மிகக் குளிர்ந்த பகுதி. மேகத்தின் ஒரு முடிச்சு தன் ஈர்ப்பாலேயே உள்ளே சரியத் தொடங்குகிறது. நடுவில் கருநிலை நட்சத்திரம் உருவாகிறது. சுற்றிலும் தடித்த உறை. சுழற்சி காரணமாக உறையில் ஒரு பகுதி தட்டையாகி, தட்டு போல நட்சத்திரத்தைச் சுற்றி வருகிறது. உறை கரைகிறது, தட்டு மிஞ்சுகிறது, பிறகு தட்டும் போய்விடுகிறது. கோள்கள் உருவாக வேண்டுமென்றால் தட்டு போவதற்குள் ஆரம்பித்துவிட வேண்டும்.

ஏன் அகச்சிவப்பு?

காரணம் இரண்டு. இரண்டையும் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்வார்கள்.

முதலாவது, அகச்சிவப்பு தூசியை ஊடுருவும். தூசித் துகள்கள் ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான அளவுள்ளவை. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் சுமார் அரை மைக்ரான் என்பதால் அது துகள்களில் மோதிச் சிதறிவிடும். அலைநீளம் கூடக் கூட மோதல் குறையும். ஒரு மேகம் கண்ணுக்குத் தெரியும் ஒளியை 20 ‘மேக்னிட்யூட்’ (வானியலில் பிரகாசத்தை அளக்கும் அலகு) மங்கச் செய்தால், பத்து கோடியில் ஒரு பங்கு ஒளிதான் வெளியே வரும். நடைமுறையில் இருட்டு. அதே மேகத்தை 2.2 மைக்ரான் அலைநீளத்தில் பார்த்தால் மங்கல் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காக, அதாவது 2 மேக்னிட்யூடாகக் குறைகிறது. ஆறில் ஒரு பங்கு ஒளி தப்பி வந்துவிடும். பத்து கோடியில் ஒன்று எங்கே, ஆறில் ஒன்று எங்கே!

இரண்டாவது, தூசி தானே ஒளிரும். சூடான எந்தப் பொருளும் தன் வெப்பநிலைக்கேற்ற அலைநீளத்தில் அதிகம் ஒளிரும். எளிய கணக்கு: 2900-ஐ கெல்வின் வெப்பநிலையால் வகுத்தால் மைக்ரானில் விடை வரும். 5800 கெல்வினில் உள்ள சூரியனுக்கு 0.5 மைக்ரான், அதாவது கண்ணுக்குத் தெரியும் ஒளி. நட்சத்திரத்தை ஒட்டி, ஆவியாகும் விளிம்பில் 1500 கெல்வினில் இருக்கும் தூசிக்குச் சுமார் 2 மைக்ரான். தட்டில் சற்றுத் தள்ளி 300 கெல்வினில் இருப்பதற்கு ஏறக்குறைய 10 மைக்ரான். வெளி உறையில் 30 கெல்வினில் உறைந்து கிடப்பதற்கு ஏறக்குறைய 100 மைக்ரான்.

ஆகவே எந்த அலைநீளத்தில் பார்க்கிறோமோ, அந்த வெப்பநிலையில் உள்ள தூசி தெரியும். வெறும் நட்சத்திரம் மட்டும் இருந்தால் 10 மைக்ரானில் எவ்வளவு ஒளி வர வேண்டும் என்று கணக்கிட முடியும். அதைவிட அதிகமாக வந்தால், அந்த மிகுதிக்குப் பெயர் அகச்சிவப்பு உபரி. இந்தத் துறையின் மூலதனமே இந்த உபரிதான்.

ஏன் விண்வெளிக்குப் போக வேண்டும்?

வளிமண்டலத்தில் உள்ள நீராவியும் கரியமில வாயுவும் அகச்சிவப்பின் பெரும்பகுதியை விழுங்கிவிடுகின்றன. அங்கங்கே சில ஜன்னல்கள் மட்டும் திறந்திருக்கும். போதாக்குறைக்கு, 300 கெல்வினுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும் காற்றும், தொலைநோக்கியின் கண்ணாடியும்கூட 10 மைக்ரான் பக்கத்தில் பளீரென்று ஒளிரும். ஒளிரும் குழாய் ஒன்றின் வழியே, பட்டப்பகலில் நட்சத்திரம் பார்க்கிற கதைதான். மேலே போனாலும் போதாது, தொலைநோக்கியைக் குளிர்விக்கவும் வேண்டும். இந்தத் துறையின் வரலாறு ஒரு வகையில் குளிரூட்டியின் வரலாறு:

1. ஐராஸ் (1983): வானத்தின் 96 சதவீதத்தை 12, 25, 60, 100 மைக்ரான்களில் துழாவிய முதல் விண்வெளித் தொலைநோக்கி. திரவ ஹீலியம் பத்து மாதத்தில் தீர்ந்தது, வேலையும் முடிந்தது.
2. ஸ்பிட்சர் (2003–2020): கண்ணாடி 85 சென்டிமீட்டர்தான். 2009 மே மாதம் ஹீலியம் தீர்ந்த பிறகும் 3.6, 4.5 மைக்ரான் அலைவரிசைகள் மட்டும் வேலை செய்தன. இன்றைய உத்தேசப் பட்டியல்களில் பாதிக்கு மேல் இதற்குக் கடன்பட்டவை என்பது என் கணிப்பு.
3. ஹெர்ஷல் (2009–2013): 3.5 மீட்டர் கண்ணாடி. 55 மைக்ரானுக்கு மேல், உறைந்த தூசியைப் பார்க்க. 1800-இல் முப்பட்டகத்தின் சிவப்பு விளிம்புக்கு அப்பால் வெப்பமானியை வைத்து அகச்சிவப்பைக் கண்டவர் வில்லியம் ஹெர்ஷல். அவர் பெயர்தான் இது.
4. வைஸ் (2009-இல் ஏவப்பட்டது): 40 சென்டிமீட்டர் கண்ணாடி, ஆனால் முழு வானமும். நியோவைஸ் என்ற பெயரில் மீண்டும் உயிர்பெற்று 2024 வரை ஓடியது.
5. ஜேம்ஸ் வெப் (2021-இல் ஏவப்பட்டது): 6.5 மீட்டர் கண்ணாடி, 28 மைக்ரான் வரை. சூரியத் திரையின் நிழலிலேயே 50 கெல்வின் அளவுக்குக் குளிர்கிறது. நடு அகச்சிவப்புக் கருவிக்கு மட்டும் தனிக் குளிரூட்டி, 7 கெல்வினுக்கும் கீழே.

கண்ணாடியின் அகலம் ஏன் முக்கியம் என்பதற்கு ஓரியன் மேகம் நல்ல உதாரணம். தொலைவு சுமார் 1300 ஒளியாண்டுகள். வைஸ் 22 மைக்ரானில் பார்க்கும்போது அதன் ஒரு புள்ளி 12 விநாடிக் கோணம் அகலம் (ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு ஒரு விநாடிக் கோணம்). ஓரியனில் அது சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தைப் போல ஏறக்குறைய 4800 மடங்கு. நம் நெப்டியூன் அதே அளவில் 30 மடங்கில் சுற்றுகிறது. அந்த ஒரு புள்ளிக்குள் மூன்று நட்சத்திரக் குடும்பங்கள் ஒளிந்திருந்தாலும் வைஸுக்கு அது ஒன்றுதான். வெப் இதே அலைநீளத்தில் பதினைந்து மடங்குக்கும் மேல் நுணுக்கமாகப் பார்க்கும். ஆனால் வெப்பின் பார்வைப் பரப்பு சின்னது. முழு வானத்தையும் துழாவ அதனால் முடியாது. எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லப் பழைய பட்டியல்கள் இன்னும் வேண்டியிருக்கிறது.

பட்டியலில் எப்படிச் சேர்க்கிறார்கள்?

2 மைக்ரானிலிருந்து 20 மைக்ரான் வரை, ஒவ்வொரு அலைநீளத்திலும் எவ்வளவு ஆற்றல் வருகிறது என்று வரைபடம் போடுவார்கள். கோடு மேலே ஏறுகிறதா, சரிகிறதா என்பதுதான் கேள்வி. சார்லஸ் லாடா 1987-இல் நிலைநிறுத்திய வகைப்பாடு இந்தச் சரிவை வைத்தே அமைந்தது. இப்போது புழக்கத்தில் உள்ள எல்லைகள் இவை:

1. வகுப்பு 0: இந்த அலைநீளங்களில் தெரிவதே கடினம். தொலை அகச்சிவப்பிலும் அதற்கு அப்பாலும்தான் வெளிச்சம். 1993-இல் பிற்சேர்க்கையாக வந்தது.
2. வகுப்பு 1: சரிவு எண் 0.3-க்கு மேல். கோடு ஏறுகிறது; தடித்த உறை.
3. சமதள வகுப்பு: 0.3 முதல் −0.3 வரை.
4. வகுப்பு 2: −0.3 முதல் −1.6 வரை. உறை போய், தட்டு மிஞ்சிய நிலை.
5. வகுப்பு 3: −1.6-க்குக் கீழே. தட்டு அநேகமாக இல்லை. சாதாரண நட்சத்திரம் போலவே தெரியும்.

இங்கேயே ஒரு கண்ணி இருக்கிறது. வகுப்பு என்பது நமக்குத் தெரியும் தோற்றம், நிலை என்பது உண்மையான வளர்ச்சி. வகுப்பு 2 நட்சத்திரம் ஒன்றின் தட்டு நம் பக்கம் விளிம்பைக் காட்டி நின்றால், அந்தத் தட்டே நட்சத்திரத்தை மறைத்து, வகுப்பு 1 மாதிரி காட்டிவிடும். கோணம் மாறினால் வயது மாறியதாகத் தோன்றும்.

பொருள்கள் லட்சக்கணக்கில் வந்ததும் ஒவ்வொன்றாக வரைபடம் பார்க்க நேரமில்லை. கணினிக்குக் கற்றுக்கொடுத்தார்கள். 2016-இல் ஒரு குழு வைஸ் தரவுகளை இப்படிப் பிரித்து, வகுப்பு 1, 2-இல் மட்டும் 1,33,980 உத்தேச நட்சத்திரங்களைத் தந்தது. ஸ்பைசி பட்டியலும் கணினி கற்று உருவாக்கியதுதான். இந்த முறையின் பலவீனம் வெளிப்படை: ஏற்கெனவே தெரிந்த இளம் நட்சத்திரங்களை உதாரணமாகக் காட்டித்தான் கற்றுக்கொடுக்கிறோம். அவற்றில் பெரும்பாலானவை பக்கத்து மேகங்களில் இருக்கும் சிறியவை. தொலைவில் உள்ள பெரிய நட்சத்திரத்தை அதே கணினி எப்படி எடைபோடும்?

ஆள்மாறாட்டம் செய்பவை

நெருப்பில்லாமல் புகையாது என்பது சரி. ஆனால் அது அடுப்பு நெருப்பா, சிதை நெருப்பா என்று புகையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. சாகப்போகும் நட்சத்திரங்களும் தூசி கக்கும். சூரியனைப் போன்றவை கடைசிக் காலத்தில் ஊதிப் பெருத்து, வெளி அடுக்குகளை உதறும்போது சுற்றிலும் தூசி சூழ்ந்துகொள்ளும். அகச்சிவப்பில் இந்த முதிய சிவப்புப் பெருவிண்மீனும் பிறந்த குழந்தையும் ஒரே நிறம்.

இது ஏதோ ஓரிரு விதிவிலக்கு இல்லை. பால்வெளியின் தளத்தை ஸ்பிட்சர் துழாவியதில் இயல்பாகவே சிவப்பான 18,949 பொருள்கள் கிடைத்தன. 2008-இல் வந்த அந்த ஆய்வின்படி அவற்றில் 30 முதல் 50 சதவீதம் முதியவை. அருகிலுள்ள 18 மேகங்களில் 2966 உத்தேச இளம் நட்சத்திரங்களைத் தொகுத்த 2015 ஆய்வு இன்னும் வெளிப்படையாகப் பேசியது. வகுப்பு 3-இல் கலப்படம் 25 சதவீதமாகவும் இருக்கலாம், 90 சதவீதமாகவும் இருக்கலாம் என்றது. இவ்வளவு அகலமான எல்லையை ஆய்வறிக்கையில் எழுத ஒரு நேர்மை வேண்டும்.

மற்ற ஆள்மாறாட்டக்காரர்கள்:

1. தொலைதூர விண்மீன் மண்டலங்கள். நட்சத்திரங்கள் மும்முரமாகப் பிறக்கும் மண்டலத்தில், கரிமச் சேர்மங்கள் 8 மைக்ரான் அருகே பலமாக ஒளிரும்.
2. மையத்தில் கருந்துளை தீவிரமாக இயங்கும் விண்மீன் மண்டலங்கள். நிறத்தில் வகுப்பு 2 நட்சத்திரத்தோடு அச்சு அசலாகப் பொருந்தும்.
3. வாயு மோதும் அதிர்ச்சிப் பகுதிகள். நட்சத்திரமே அங்கு இருக்காது. இளம் நட்சத்திரம் பீய்ச்சிய தாரை மோதிய இடம் மட்டும் 4.5 மைக்ரானில் மினுங்கும்.

இளம் நட்சத்திரங்களோடு சம்பந்தமில்லாத ஒரு செய்தியும் இதே பொறியில்தான் விழுந்தது. 2024-இல் வேற்றுலக நாகரிகம் கட்டிய கூடாக இருக்கலாம் என்று ஏழு நட்சத்திரங்கள் பேசப்பட்டன. சான்று? அகச்சிவப்பு உபரி. சில வாரங்களிலேயே அவற்றில் மூன்றின் பக்கத்தில் வானொலி அலை மூலங்கள் இருப்பது தெரிந்தது. பின்னணியில் உள்ள தூசி நிறைந்த விண்மீன் மண்டலங்கள்தான் வைஸின் அகலப் புள்ளிக்குள் கலந்திருக்க வேண்டும் என்பது விளக்கம்.

உத்தேசம் உறுதியாவது எப்படி?

எல்1014 என்ற கரும் முடிச்சின் கதையைப் பார்த்தால் விளங்கும். சிக்னஸ் விண்மீன் குழுவின் திசையில், சில நூறு ஒளியாண்டு தொலைவில் இருப்பது. உள்ளே நட்சத்திரம் இல்லாத வெறும் முடிச்சு என்றே நினைத்திருந்தார்கள். 2004-இல் ஸ்பிட்சர் பார்த்தபோது நடுவே ஒரு மங்கலான புள்ளி. அது கருநிலை நட்சத்திரம் என்றால் ஒளிர்வு சூரியனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

உடனே எழுந்த சந்தேகம்: அதே திசையில், மிகத் தொலைவில் இன்னொரு மேகமும் உண்டு. புள்ளி அதைச் சேர்ந்ததாக இருந்தால்? அப்படியென்றால் முன்னால் இருக்கும் முடிச்சு காலி, புள்ளியும் வேறொரு பெரிய பொருள். ஸ்பிட்சர் படத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இதற்குப் பதில் கிடைக்காது. 2005-இல் ஹவாயில் உள்ள சப்மில்லிமீட்டர் தொலைநோக்கி வரிசை, புள்ளியிலிருந்து வாயு வெளிப்பாய்வதைக் கண்டது. வாயுவின் வேகம் முடிச்சின் வேகத்தோடு ஒத்துப்போனது. 2006-இல் தரைத் தொலைநோக்கிப் படம் ஒன்றில், புள்ளியிலிருந்து விரியும் ஒளிக்கூம்பும் தெரிந்தது. அப்புறம்தான் அது அங்கேயே பிறந்தது என்று ஏற்றார்கள். ஒரு புள்ளிக்கு இரண்டு ஆண்டு, மூன்று தொலைநோக்கிகள். பட்டியலில் ஒரு லட்சம் புள்ளிகள் இருந்தால் என்ன செய்வது?

அதனால்தான் எல்லாவற்றுக்கும் முழுச் சோதனை நடப்பதில்லை. கைவசம் உள்ள வழிகள்:

1. தொலைவு. 2025 வரை இயங்கிய கையா செயற்கைக்கோள், பூமி சூரியனைச் சுற்றும்போது நட்சத்திரங்கள் இடம் மாறுவதுபோலத் தோன்றும் அளவை நுட்பமாக அளந்து தொலைவைத் தந்தது. லூபஸ் மேகங்களின் ‘இளம்’ நட்சத்திரங்களை அம்பலப்படுத்தியது இதுதான். ஆனால் கையா பார்த்தது கண்ணுக்குத் தெரியும் ஒளியில். மேகத்துக்குள் ஆழப் புதைந்ததை அதனால் அளக்க முடியவில்லை.
2. நிறமாலை. கருநிலை நட்சத்திரத்தின் உறையில் உள்ள பனி, 3 மைக்ரானிலும் 15.2 மைக்ரானிலும் ஒளியை உறிஞ்சி வெட்டுத் தடம் விடும்: முதலாவது நீர்ப்பனி, மற்றது உறைந்த கரியமில வாயு.
3. எக்ஸ் கதிர். தட்டை இழந்த வகுப்பு 3-க்கு உபரி இருக்காது, ஆனால் காந்தக் கொந்தளிப்பு பலமாக இருக்கும். சந்திரா தொலைநோக்கி இவற்றைப் பிடிக்கிறது.
4. ஒளிமாற்றம். குழந்தைகள் அமைதியாக இருப்பதில்லை. ஓரியனில் உள்ள ஹாப்ஸ் 383 என்ற கருநிலை நட்சத்திரம், 2004-க்கும் 2008-க்கும் இடையில் 24 மைக்ரானில் 35 மடங்கு பிரகாசமானது. தட்டிலிருந்து பொருள் மொத்தமாக உள்ளே விழுந்ததன் விளைவு.

எண்ணிக்கை தவறினால் என்ன கெடும்?

நட்சத்திரப் பிறப்பை முழுதாகப் பார்த்தவர் யாருமில்லை. எண்ணிக்கையை வைத்துத்தான் காலத்தை அளக்கிறோம். ஸ்பிட்சரின் ஒரு பெரிய திட்டம் ஐந்து மேகங்களில் 1024 இளம் நட்சத்திரங்களை எண்ணியது. 2009-இல் வந்த முடிவு: வகுப்பு 1 16 சதவீதம், சமதளம் 12, வகுப்பு 2 60, வகுப்பு 3 12. வகுப்பு 2 சுமார் 20 லட்சம் ஆண்டுகள் நீடிக்கும் என்று வைத்துக்கொண்டால், 16-ஐ 60-ஆல் வகுத்து 20 லட்சத்தால் பெருக்க வேண்டும்: ஐந்தே கால் லட்சத்துக்குச் சற்று மேல். வகுப்பு 1-இன் ஆயுள் அதுதான். கணக்கு பள்ளிக்கூடத்து விகிதக் கணக்கு. ஆனால் எண்ணியதில் முதியவர்களும் விண்மீன் மண்டலங்களும் புகுந்திருந்தால், நட்சத்திரத்தின் குழந்தைப்பருவமே நீண்டோ குறுகியோ போகும்.

அடுத்த படி இன்னும் பெரிது. ஸ்பிட்சர் எண்ணிக்கையிலிருந்து, பால்வெளியில் ஆண்டுக்கு 0.68 முதல் 1.45 சூரிய நிறை அளவுக்கு நட்சத்திரங்கள் உருவாகின்றன என்று 2010-இல் கணக்கிட்டார்கள். கலப்படத்தை எவ்வளவு கழிக்கிறோம் என்பது இந்த எண்ணை நேராகப் பாதிக்கும்.

கோள்களின் கதையும் இதில் மாட்டியிருக்கிறது. அருகிலுள்ள கொத்துகளில் சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்குள் பாதி நட்சத்திரங்கள் தட்டை இழந்துவிடுகின்றன. ஒரு கோடி ஆண்டுக்குப் பிறகு தட்டு மிஞ்சுவது அபூர்வம். இந்நிலையில் பால்வெளிக்கு அருகிலுள்ள குட்டி விண்மீன் மண்டலமான சிறிய மெகல்லானிக் மண்டலத்தில், சுமார் 2 லட்சம் ஒளியாண்டு தொலைவிலுள்ள என்ஜிசி 346 கொத்தில், 2 முதல் 3 கோடி ஆண்டு வயதிலும் தட்டோடு இருப்பதாகத் தோன்றிய நட்சத்திரங்களை 2000-களின் நடுவில் ஹப்பிள் கண்டது. பலர் நம்பவில்லை. தட்டிலிருந்து பொருள் விழுவதைக் காட்டும் ஹைட்ரஜன் ஒளி, சுற்றியுள்ள வாயு மேகத்திலிருந்தும் வரக்கூடியதுதானே?

வெப் இதை வேறு விதமாக அணுகியது. நட்சத்திரத்தின் நிறமாலையையும், அதன் பக்கத்திலேயே உள்ள வெறும் மேகத்தின் நிறமாலையையும் தனித்தனியாக எடுத்து, இரண்டாவதை முதலாவதிலிருந்து கழித்தார்கள். கழித்த பிறகும் ஹைட்ரஜன் ஒளி மிஞ்சியது. 2024 டிசம்பரில் முடிவு வெளியானது: தட்டுகள் அங்கே இருக்கின்றன. அந்த மண்டலத்தில் கன தனிமங்கள் (ஹைட்ரஜன், ஹீலியம் தவிர்த்த மற்றவை) குறைவு என்பதால், நட்சத்திர ஒளியால் தட்டின் வாயுவைச் சீக்கிரம் விரட்ட முடிவதில்லை என்பது முன்வைக்கப்படும் விளக்கங்களில் ஒன்று. ஆதிகாலப் பிரபஞ்சத்திலும் கன தனிமங்கள் இப்படித்தான் குறைவாக இருந்தன. அங்கேயும் கோள்கள் உருவாக அவகாசம் கூடுதலாகக் கிடைத்திருக்கலாம்.